அவருக்குக் குடி, அவங்களுக்குத் தலைவலி

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த எண்ணைப் பார்த்தாலும் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதிப் பார்ப்பான். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் வருடக் கணக்கை நானும் அப்படித்தான் பிரித்தேன். தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். நூற்றுக்கு 72 பேர் ஆண்கள். சரி, ஆண்களுக்குத்தான் மனசு சரியில்லை என்று கணக்கை முடித்துவிடலாமா? முடியாது. மனச்சோர்வு என்று பார்த்தால் பெண்கள் பக்கம்தான் கனம். இறந்துபோன பெண்களிலும் பாதிக்கு மேல், 25,309 பேர், 'இல்லத்தரசிகள்'.

எங்க அத்தைக்கு ஆறு மாசமா தலைவலி, படபடப்பு, தூக்கமில்லை. ஸ்கேன் எல்லாம் சுத்தம். டாக்டர் "என்னம்மா பண்ணுது?" என்றார். பதில் சொன்னது மாமா. "ஒண்ணுமில்லீங்க, யோசனை ஜாஸ்தி." டாக்டரும் மாமாவைப் பார்த்தே பேசி, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த அறையில் அத்தை பேசிய ஒரே வார்த்தை, "சரிங்க."

மாமா மட்டும் தப்பித்தாரா? பிறகு அவரைக் குடி மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். ஒரு நாளைக்கு எத்தனை குவார்ட்டர் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். எதுக்குக் குடிக்கிறீங்க என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கடை நொடித்துப்போன கதையை மனுஷன் இன்றுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆண் பிள்ளையாச்சே!

அத்தையிடம் தனியாகப் பேசியிருக்க வேண்டும். மாமாவிடம் குடியைத் தாண்டிப் பேசியிருக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை பாருங்கள்.

செலவாகிற விஷயமும் உண்டு. பிரசவத்துக்குப் பிறகு மனநிலை பாதிக்கப்பட்ட பெண்ணை அட்மிட் செய்தால், கைக்குழந்தை எங்கே போகும்? பெங்களூரு நிம்ஹான்ஸில் தாயையும் சேயையும் சேர்த்தே வைத்துக்கொள்ளத் தனி வார்டு போட்டார்கள். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும், சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. சட்டம் சொல்லிவிட்டது. தொட்டில் போட இடம் இருக்கிறதா, உங்க ஊர் ஆஸ்பத்திரியில்?

"அதான் போன்லயே பேசலாமே" என்பீர்கள். வாஸ்தவம். 2022 அக்டோபரில் ஆரம்பித்த 'டெலி மானஸ்' இருக்கிறது. 14416-க்கு அடித்தால் காசில்லாமல் பேசலாம். மாமாவிடம் சொன்னேன். "பொம்பளைங்க புலம்பறதுக்கு வெச்சிருக்கான். எனக்கு எதுக்குடா?" என்றார்.

அத்தையிடமும் சொன்னேன்.

"போன் உங்க மாமா சட்டைப் பையில இருக்கே, தம்பி" என்றார்.