கோல்ட் ரஷ்

சாப்ளினின் 'தி கோல்ட் ரஷ்', 1925இல் வந்த மௌனப்படம். ஈசூன் வாடகை அறையில் மேல்கட்டிலில் படுத்தபடி மொபைலில் பார்த்தேன். பசியில் ஷூவை வேகவைத்துத் தின்னும் இடத்தில் கீழ்க்கட்டில் அண்ணன் விழுந்து விழுந்து சிரிச்சாரு. (அது அதிமதுர மிட்டாயில் செய்த ஷூ.)

எனக்கு உறுத்தியது வேறு. புத்தாண்டு இரவு விருந்து வைத்து, ஜார்ஜியாவுக்காகக் காத்திருந்து தூங்கிவிடுகிறான். பிரெட் நடனமெல்லாம் கனவில்தான். கடைசியில் கப்பலில், தங்கம் கிடைத்துப் பணக்காரனானவனைத் திருட்டுப்பயணி என்று நினைத்து, டிக்கெட் காசை நான் தர்றேன் என்கிறாள் அவள். 1942இல் தன் குரலைச் சேர்த்து மறுபடி வெளியிட்டபோது சாப்ளின் அந்த இறுதி முத்தத்தை வெட்டிவிட்டார். வெட்டாத படம்தான் எனக்கு.

ஏஜென்ட் கடன் இன்னும் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் பணம் அனுப்பிவிட்டு, நகைக்கடை வாசலில் கிராம் விலையைப் படமெடுத்து ஊருக்கு அனுப்புவேன். "எறங்கட்டும் மாமா, பாத்துக்கலாம்" என்று பதில் வரும்.