எடை தெரிந்த கைகள்

உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் டீசலும் துருவும் கெட்டிப்பட்ட கிரீஸும் கலந்த வாசனை எப்போதும் தேங்கிக் கிடக்கும், அண்ணன் மகன் தன் கரும்பு ஆலைக்குக் குறைந்த செலவில் பார்த்து வைத்திருந்த லிஸ்டர் மாதிரி ஆயில் இன்ஜினின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டபோது, கம்ப்ரஷன் ஏறி அது முட்டிக்கொண்டு பின்னுக்குத் திரும்ப, உள்ளே அடைபட்டிருந்த காற்று ஒரு மூச்சாக வெளியேறியது, அதோடு கவுந்தப்பாடிப் பக்கம் எங்கள் தோட்டத்து இன்ஜின் கொட்டகையும் வந்து நின்றது.

ஓட்டுச் சந்து வழியே விழும் வெயிலில் நீலப்புகை சாய்ந்து மிதக்கும், அப்பாரு கைப்பிடியை மாட்டிச் சுற்றிச் சுற்றி வேகம் ஏற்றியபின் வால்வு நெம்புகோலை விடுவார், இரும்பு ஒருமுறை திணறிவிட்டு நிதானமாகத் துடிக்கத் தொடங்கும், நிமிடத்துக்கு 650 சுற்றுதான், அதற்கு மேல் அவசரம் கிடையாது. இங்கிலாந்தில் 1929இல் வந்த அந்த வடிவத்தைப் பார்த்து ராஜ்கோட் பட்டறைகள் வார்த்தவை நம் கிணற்று மேடுகள்வரை வந்திருந்தன. இன்ஜினைக் குளிர்வித்து வரும் வெந்நீரில் மார்கழிக் காலையில் நாங்கள் குளிப்போம், அப்பாரு பழைய வேட்டித் துணியால் டீசல் டேங்கைத் துடைத்தபடி, காதை மட்டும் இன்ஜினிடம் கொடுத்திருப்பார்.

அது வந்து இறங்கிய நாளும் நினைவிருக்கிறது, முந்நூறு கிலோவுக்கு மேற்பட்ட இரும்பு, முதலில் சாவிகளைத் தட்டி இரண்டு சக்கரங்களையும் கழற்றித் தனியே உருட்டிவிட்டார்கள், பிறகு உடலை மாட்டு வண்டியிலிருந்து பலகை வழியே சரித்து, உருளைக் கட்டைகள் மேல் ஏற்றி, பின்னால் விடுபட்ட கட்டையை முன்னால் போட்டுப் போட்டு நகர்த்தினார்கள், கடப்பாரை பிடித்த பெரியவர், “அவசரப்படாதீங்க கண்ணு, அதுவா வரும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவரேதான் ஆலைக் கொட்டகையில் பாகுப் பதம் பார்ப்பவர், கொதிக்கும் சாற்றின் இனிப்பும் சுண்ணாம்பும் கரும்புச் சக்கை எரியும் புகையும் அவர் துண்டிலேயே குடியிருக்கும், பாகில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டுவார், நடுவில் பெல்ட்டின் சத்தம் மாறினால் இன்ஜின் பக்கம் ஒரு பார்வை போகும்.

1990இல் உழவர்களுக்கு இலவச மின்சாரம் வந்தபின் கிணற்று மேடுகளில் மோட்டார்கள் உட்கார்ந்தன, தண்ணீர் தாராளமாக வந்தது, நல்லதுதான், ஆனால் கொட்டகையில் யாரும் காத்திருக்க வேண்டியதில்லாமல் போயிற்று.

உக்கடத்தில் ஒரு கிரேன் வந்தது, பெல்ட்டைப் போட்டு இன்ஜினைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டு உடனே போய்விட்டது, யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மோட்டாரே வாங்கிக்கொள் என்று சொல்லும் எண்ணத்தோடுதான் நான் போயிருந்தேன், அதைச் சொல்லவில்லை. அஸ்திவாரத்து போல்ட்டுகளை மரச்சட்டத்தில் அளவாகத் தொங்கவிட்டுக் கான்கிரீட் போடச் சொன்னேன், இன்ஜினை அதன்மேல் உட்கார வைக்க மட்டும் கிரேன் வேண்டாம், பக்கத்துத் தோட்டக்காரர்களைக் கூப்பிடு, நடுராத்திரியில் பாகு கொதிக்கும்போது இது நின்றால் ஓடி வரப்போகிறவர்கள் அவர்கள்தான், அவர்கள் கைக்கு இதன் எடை தெரிந்திருக்கட்டும், அன்றைய சாப்பாடு என் பொறுப்பு என்றேன். “சரிங்க சித்தப்பா” என்று அவன் யார் யாரைக் கூப்பிடலாம் என்று பெயர் சொல்ல ஆரம்பித்தான்.