பெண்கள் அணியும் முகமூடி

ஆப்பிரிக்க முகமூடி என்றதும் கோரைப் பல்லும் உருட்டி விழிக்கும் கண்ணும் உங்கள் நினைவுக்கு வருகின்றனவா? அவற்றைச் சற்று ஒதுக்கிவிட்டு, மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள ஸியரா லியோனுக்கு வாருங்கள். அங்கே மெண்டே இனத்தாரின் கிராமங்களில் முகமூடி அணிந்து ஆடுகிறவள் ஒரு பெண்! அந்தக் கண்டத்தில் மர முகமூடி பெரும்பாலும் ஆண்களின் தனியுரிமை. ஆகையால் இது மிக அபூர்வம்.

'ஸாண்டே' என்பது அவ்வூர்ப் பெண்களின் சங்கம். வயதுக்கு வரும் சிறுமிகளை ஊருக்கு வெளியே தங்கவைத்து, குடும்பப் பொறுப்பும் ஆட்டமும் பாட்டும் கற்பிப்பார்கள் சங்கத்து மூத்த பெண்மணிகள். பயிற்சி முடிந்து பெண்கள் திரும்பும்போது 'சோவெய்' ஆடி வருவாள். தலை முழுவதையும் மூடும் கரிய மரமுகம். அதன் கீழே கரிய நார் உடை. விரல் நுனிகூட வெளியே தெரியாது. பேச்சும் கிடையாது.

அந்த முகத்தைப் பாருங்கள். அகன்ற நெற்றி அறிவுக்கு அடையாளம். கண்கள் தாழ்ந்திருக்கும். வாய் மிகச் சிறியது; வம்பு பேசாத வாய் என்று பொருள். (வீட்டிலுள்ள ஆண்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம்!) கழுத்தில் மடிப்பு மடிப்பாக வளையங்கள். நல்ல ஊட்டத்தின் லட்சணம் என்பார்கள். நீருக்குள்ளிருந்து தெய்வம் எழும்போது சுற்றிலும் பரவும் அலைகள் என்றும் சொல்வதுண்டு. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே தலை அலங்காரம்! பின்னல் மேல் பின்னல், கொண்டை மேல் கொண்டை. சிற்பி தன் கைவரிசையைக் காட்டுவது இங்கேதான். 1886-ல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்த ஒரு சோவெய், வெள்ளைக்காரத் துரையின் உயரத் தொப்பியையே சூடிக்கொண்டிருக்கிறது!

செதுக்குகிற சிற்பி மட்டும் ஆண். கனமில்லாத மரத்தை ஒரே கட்டையாகக் குடைந்து, வாய்ச்சியாலும் கத்தியாலும் இழைத்து, இலைச்சாற்றால் கறுப்பேற்றி, எண்ணெய் தடவி மினுக்குகிறான். அப்போதுதான் தண்ணீரிலிருந்து வந்த முகம்போல் பளபளக்கும். கூடவே 'கோண்டே' என்ற கோமாளி முகமூடியும் உண்டு. கந்தலுடன் வந்து, சோவெய் காக்கும் ஒழுங்கையெல்லாம் கேலி செய்து ஊரைச் சிரிக்க வைக்கும்.

இவ்வளவு அழகுக்குப் பின்னால் ஒரு வேதனையும் இருக்கிறது. அதை உங்களிடம் மறைப்பது நியாயமல்ல. சங்கத்தில் சேரும் சிறுமியின் பெண்மை உறுப்பை வெட்டும் வழக்கம் இந்தச் சடங்கோடு பிணைந்து வந்திருக்கிறது. மூடிய வாயை லட்சணமாகப் போற்றும் ஊரில் அதைப் பற்றிப் பேசுவது எளிதா? ஆயினும் அந்நாட்டுப் பெண்களே பேசத் தொடங்கிவிட்டார்கள். சில ஊர்களில் கத்தியை விலக்கிவிட்டு, பாட்டும் ஆட்டமும் பாடங்களுமாகச் சடங்கை நடத்துகிறார்கள். அப்படி நடத்துகிறவர்களில், முன்பு கத்தி பிடித்த மூத்த பெண்மணிகளும் இருக்கிறார்கள்.