பிரட்டுக்களத்தில் ஒரு புதிய அங்கத்தவர்

யட்டியாந்தோட்டையின் றப்பர் மலைகளில், தொழிலாளர் வேலைக்குத் திரளும் அதிகாலைப் பிரட்டில் நின்று, இன்றைக்குப் பால்வெட்டு உண்டா இல்லையா என்று வானத்தைப் பார்த்துத் தீர்மானிக்கும் உத்தியோகத்தனாகிய எனக்கு, மழையைக் கணித்துச் சொல்லும் செயற்கை நுண்ணறிவையும் குழுவின் ஓர் அங்கமாக ஏற்றுக்கொள்ள வேண்டிய காலம் சமீபித்துவிட்டதாகத் தோன்றுவதால், அதற்கான ஆயத்தங்களை இப்போதே ஆரம்பித்திருக்கிறேன்.

பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டின் வழியே சிரட்டையிற் சேராமல் மரமெங்கும் வழிந்து விரயமாகும். ஆகையால், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்தத் தீர்மானம் அற்பமானதன்று. யந்திரம் மழையென்று உரைத்து, பிற்பாடு வெயில் எரித்துவிட்டால், தோட்டத்துக்கு ஒரு நாள் பால் நட்டம். தொழிலாளிக்கோ ஒரு நாள் பேரே, அதாவது அன்றைய சம்பளமே, போய்விடும். அந்தப் பேர் ஏன் விழவில்லையென்று பால் வெட்டும் அக்காமார் என்னிடம் கேட்பார்களேயன்றி, கணனியிடம் கேட்கப் போவதில்லை.

ஆதலால், கைத்தொலைபேசி காட்டும் வானிலைக் கணிப்பையும், பால் வெட்டும் மூத்த பெண்கள் சொல்வதையும் ஒரே கொப்பியில் எழுதி, மாலையில் ஒப்பிட்டுப் பார்த்து வருகிறேன். களனி கங்கைப் பள்ளத்தாக்கில் ஒரு மலையிற் கொட்டும் மழை அடுத்த மலையை எட்டிப் பாராமலே போவதுண்டு என்பதை அவர்கள் பால்யந்தொட்டு அறிந்தவர்கள். (அவர்களிடம் கேட்டு எழுதும் இவ்வப்பியாசத்துக்கு உத்தியோக கர்வம் சற்று இடையூறுதான்.)

தீர்மானத்தை யந்திரத்திடமே விட்டுவிட்டால் தொழிலாளிக்கு என்ன வழி என்ற கேள்வியும் உண்டு. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தானியங்கி முறையில் மாத்திரம் எடுக்கப்பட்ட முடிவை மீளாய்வு செய்யக் கோரும் உரிமையை வகுத்திருக்கிறது. அதன் சாரத்தை எளிய தமிழில் எழுதிப் பிரட்டுக்களத்தில் ஒட்டலாமா என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் கேட்டேன்; "யோசிப்போம்" என்றார்.