ஐந்தங்குலத் திரை

இலங்கை ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அவ்வாண்டின் இறுதியில் எம் மாமா வளைகுடா நாடொன்றிலிருந்து கொணர்ந்த கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி இன்றும் எம்மிடம் உண்டு. ஐந்தங்குலத் திரை, அதுவும் மூலைக்கு மூலை அளந்த அளவு. அகலம் நான்கு, உயரம் மூன்று. உயர்தர வகுப்பிற் பயின்ற நாம் பைதகரசின் தேற்றம் வரவேற்பறைக்கே வந்துவிட்டதென மகிழ்ந்தோம்.

இத்தகைய சிறு பெட்டிகளுக்கு வழிகாட்டியவர் சோனி நிறுவனத்தார். 1960 இல் ட்ரான்சிஸ்டர்களால் இயங்கும் எட்டங்குலப் பெட்டியை வெளியிட்டு, 1962 இல் ஐந்தங்குலமாகக் குறுக்கினர். வால்வுகள் நீங்கியமையால் மின்செலவு சுருங்கிற்று. மின்சாரம் எட்டாத எமது கிராமத்தில் ஒரு மோட்டார் பற்றறியே போதுமாயிருந்தது. அதைச் சைக்கிளிற் கட்டிப் பட்டணத்துக்குக் கொண்டுசென்று மின்னேற்றி வருவது எம் பொறுப்பு. பற்றறி களைத்தால் படம் நாற்புறமும் உள்ளொடுங்கும். "சுருங்குது, நிப்பாட்டு தம்பி" என்பார் அம்மா.

படக்குழாயின் கழுத்திலுள்ள இழை சூடேறி இலத்திரன்களை உமிழ, கம்பிச்சுருள்களின் காந்தவிசை அக்கற்றையை வளைத்துத் திரையிற் கோடு கோடாக வரைகின்றது. ஒரு படத்துக்கு 625 கோடுகள். செக்கனுக்கு 25 படங்கள். பெருக்கிப் பார்க்கும் மாணவர் 15,625 எனக் காண்பர். அவ்வெண்ணிக்கையிலேயே உள்ளிருக்கும் உயரழுத்த மின்மாற்றி அதிர்ந்து, ஊசிபோன்ற மெல்லிய சீழ்க்கையொலியை எழுப்பும். பெட்டியின் ஒலியை முற்றாக அடக்கினும் அஃது அடங்காது.

இரவு ஒன்பதுக்குப் பின் பெட்டியைத் தொடலாகாதென்பது அம்மாவின் கட்டளை. நாமோ ஒலியை அடக்கிவிட்டுத் திருட்டுத்தனமாய்ப் பார்ப்போம். அடுத்த அறையிலிருந்து தங்கை எழுந்து வந்து, "அண்ணா, பெட்டி கூவுது" என்று முணுமுணுப்பாள். அவளுக்கும் அருகில் இடங்கொடுத்தாலன்றி வாய் மூடாள். அவளருகிற் படுத்திருந்த அம்மா, அப்போது ஐம்பதை அண்மித்தவர், ஒருநாளேனும் அசைந்ததில்லை. கேட்டும் கேளாதவர்போல் எமக்கு இரங்கினார் என்றே நெடுங்காலம் நம்பியிருந்தோம். அவர் மறைந்த வேளை தங்கையும் நாமும் அதனைச் சொல்லிச் சொல்லி அழுததுமுண்டு.

சென்ற மாதம் பெட்டியைத் துடைத்து மின்கலத்துடன் இணைத்தோம். திரையில் வெண்புள்ளிகள் கொதித்தன. சீழ்க்கையைக் காணோம், மின்மாற்றி பழுதாயிற்றோவென ஐயுற்றுக் காதை அருகிற் கொண்டுசென்றோம். அவ்வேளை பேத்தி தன் காதுகளைப் பொத்தியபடி, "அப்பப்பா, நிப்பாட்டுங்கோ, கூவுது!" என்றாள். வயது ஏற ஏற மனிதச் செவி முதலில் இழப்பது இத்தகைய உச்சவொலிகளையே என்பதை நாம் நூல்களிற் படித்தவரே. ஆயினும் அம்மாவையும் அந்த இரவுகளையும் அதனோடு சேர்த்து எண்ணிப் பார்த்ததில்லை.

தங்கைக்குத் தொலைபேசியிற் சொன்னோம். சற்றுநேரம் பேசாதிருந்தவள், "சத்தம் கேட்டிராது அண்ணா. ஆனால் எங்கட அறைக் கதவு பூட்டுறதில்லையே, அம்மான்ர பாய்க்கு நேரே இருந்த சுவரில வெளிச்சம் ஆடுமே" என்றாள்.