சாப்டியாடா?

ஒரு ரகசியத்தை முதல்லயே ஒப்புக்கொள்கிறேன் மக்களே... மூணு வருஷமா நான் எடிட் பண்ணினது எல்லாமே பிரீமியர் புரோவோட ‘கிராக்’ வெர்ஷன்ல! கல்ச்சுரல்ஸ் டீஸர், சீனியர் அக்காவோட நிச்சயதார்த்தம், டிபார்ட்மென்ட் ஃபேர்வெல்னு எல்லாம் அதுலதான். போன மாசம் அந்தக் கிராக் கூடவே வந்த ஏதோ ஒரு வைரஸ் லேப்டாப்பை மொத்தமா முழுங்கிடுச்சு. ஃபார்மேட் பண்றதைத் தவிர வேற வழியில்லை.

மத்ததெல்லாம் போனா போகட்டும். உள்ளே ‘தாத்தா_ஃபைனல்_2’ இருந்துச்சு.

எங்க வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம். தாத்தா ஐம்பது வருஷத்துக்கு மேல குழித்தறியில உட்கார்ந்தவர். கோர்வை போடுறதுல கில்லாடி. உடம்பு வேற கலர்ல, பார்டர் வேற கலர்ல இருக்கும். இரண்டையும் தனித்தனி நாடா ஓட்டி, நெய்யும்போதே கோத்துக்கிட்டே வரணும். நான் ஃபர்ஸ்ட் இயர் லீவுல அவரை ஆறு மணி நேரம் மொபைல்ல ஷூட் பண்ணினேன். ஒன்பது நிமிஷமா வெட்டியும் வெச்சேன். ‘இன்னும் கொஞ்சம் பாலிஷ் பண்ணலாம்’னு எக்ஸ்போர்ட் பண்ணவே இல்லை. நாம இன்ஜினீயரிங் பசங்க ஆச்சே!

தாத்தா போன ஐப்பசியில போயிட்டார். முதல் வருஷத் திதிக்கு எல்லாரும் கூடும்போது அதைப் போடணும்னு அப்பா சொன்னார். கையில இருந்தது பன்னிரண்டு நாள்.

நல்லவேளை, ஷூட் பண்ணினதும் புராஜெக்ட் ஃபைலும் ஹார்ட் டிஸ்க்ல பத்திரமா இருந்துச்சு. ஆனா திறக்க சாஃப்ட்வேர் வேணுமே? மறுபடி கிராக்கா... கை கூப்பிட்டேன். மாசா மாசம் சந்தா கட்ட என் பாக்கெட் மணி தாங்காது. 2013-லேர்ந்து அடோபி சந்தா முறைக்கு மாறிடுச்சே, ஒரே தடவை காசு கொடுத்து வாங்குற கதையெல்லாம் இல்லை. ரூம்மேட்தான் சொன்னான்: “டாவின்சி ரிசால்வ் போடுடா. ஃப்ரீ வெர்ஷனே உனக்கு ஜாஸ்தி!”

ரிசால்வ் பிரீமியரோட புராஜெக்ட் ஃபைலை நேரா திறக்காது. அதனால பிரீமியரோட ஏழு நாள் ட்ரையலை (ஒரிஜினல்ங்க, ஒரிஜினல்!) போட்டு, அதுல திறந்து, ஃபைனல் கட் எக்ஸ்எம்எல்லா எக்ஸ்போர்ட் பண்ணி, ரிசால்வ்ல இறக்கினேன். எந்த ஷாட் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுங்கிற கணக்கு அப்படியே வந்துச்சு. டிசால்வ்கூட வந்துச்சு. ஆனா ராத்திரி முழிச்சுப் போட்ட கலர் கரெக்‌ஷன் வரலை. டைட்டில் வரலை. கை நடுக்கத்தைச் சரிபண்ணின ஸ்டெபிலைஸர் வரலை. வீடு மாறும்போது கட்டிலும் பீரோவும் வந்து, சாவிக்கொத்து மட்டும் காணாமப் போகுமே... அந்த மாதிரி.

முதல் மூணு நாள் நரகம். வெட்டுறதுக்குப் பழைய பழக்கத்துல ‘சி’யைத் தட்டினா, இங்கே அது ‘பி’. (பிரீமியர் கீபோர்டையே வெச்சுக்கிற வசதி செட்டிங்ஸ்ல இருக்குனு நாலாவது நாள்தான் தெரிஞ்சுது. கடுப்பு!) புராஜெக்ட் ஃபைலை ஃபோல்டர் ஃபோல்டரா தேடினா காணோம். ரிசால்வ் அதைத் தன்னோட டேட்டாபேஸுக்குள்ள வெச்சுக்குமாம். என் ஓட்டை லேப்டாப் வேற ‘ஜிபியு மெமரி ஃபுல்’னு பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை அழுதுச்சு.

புலம்பினதுக்கு ரூம்மேட் ஒரு கதை சொன்னான். 2011-ல ஆப்பிள் ‘ஃபைனல் கட் புரோ எக்ஸ்’ விட்டப்போ, பழைய ஃபைனல் கட் 7 புராஜெக்ட் எதையும் அது திறக்கலையாம். பெரிய பெரிய எடிட்டர்களே கொதிச்சுப்போய்ப் பல பேர் பிரீமியருக்குத் தாவினாங்க. தாவாம இருந்தவங்களும் உண்டு. 2019-ல வந்த ‘பாராசைட்’ அந்தக் கைவிடப்பட்ட ஃபைனல் கட் 7-லதான் எடிட் ஆச்சு. ஆஸ்கர்ல சிறந்த படம்! ஆறுதலா இருந்துச்சுனு சொல்லணும். ஆனா என் டைட்டில் ஒண்ணும் திரும்பி வரலை.

ஒரு ஷாட் மட்டும் படுத்திக்கிட்டே இருந்துச்சு. பாவுல ஒரு இழை அறுந்து, தாத்தா அதைத் தேடி எடுத்து முடிச்சுப் போடுற இடம். 43 செகண்ட். ‘ஸ்லோவா இருக்கு’னு அப்போ அதைப் பறக்கவிட்டு, ஆடியோவைத் தூக்கிட்டு, மேல ஒரு பீட் போட்டிருந்தேன். செம கெத்தா இருக்குனு நினைப்பு! அந்த ஸ்பீடு எஃபெக்ட் இங்கே கன்னாபின்னானு வந்து நின்னுச்சு. வெறுத்துப்போய் அதை டெலீட் பண்ணிட்டு, ஒரிஜினல் க்ளிப்பையே இழுத்துப் போட்டேன். ஆடியோவோட வந்துச்சு.

தாத்தா இழையிலேர்ந்து கண்ணை எடுக்காமலே கேட்கிறார்: “சாப்டியாடா?”

கேமராவுக்குப் பின்னாடியிருந்து என் குரல், எரிச்சலோட: “ஷ்ஷ்... தாத்தா, ரெக்கார்டிங்!”

அவர் சரினு தலையாட்டிட்டு முடிச்சைப் போடுறார்.

ஹாஸ்டல்ல மணி ரெண்டு. ஹெட்போனைக் கழட்டி வெச்சுட்டுக் கொஞ்ச நேரம் வராண்டாவுல போய் நின்னேன்.

அந்த 43 செகண்டையும் முழுசா விட்டுட்டேன். பீட் இல்லை, ஸ்பீடு இல்லை. என் ‘ஷ்ஷ்’ஷை மட்டும் வெட்டிடலாமானு ரெண்டு தடவை கத்தரியை வெச்சேன். அப்புறம் அதையும் விட்டேன்.

திதி அன்னிக்குக் கூடத்துல டி.வி-யில போட்டோம். இடம் பத்தாம ரெண்டு சித்தப்பாவும் தறிக்குழி ஓரத்துல உட்கார்ந்தாங்க. அந்த இடம் வந்தப்போ அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. படம் முடிஞ்சதும் பாட்டி கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்:

“தோள்ல போட்டிருந்தாரே, அந்தத் துண்டை எங்கடா வெச்சோம்?”