மூன்றாம் அறுவடைக்குப் பின்

உழைப்புக்குக் கூலி கொடுப்பது எளிது; உரிய காலத்தில் கொடுப்பதே அரிது. காலங்கடந்து கொடுக்கப்படும் கூலி, கொடுப்பவருக்குச் சுமையாகவும் பெறுபவருக்குக் கசப்பாகவும் முடிவதுண்டு. காலத்திற்கு முன்னரே கொடுப்பதோ முளைவிடாத விதைக்கு வேலி கட்டுவதை ஒக்கும். வலியறிதல் என்னும் அதிகாரத்தை அடுத்துக் காலமறிதலைத் திருக்குறள் வைத்திருப்பது எண்ணத்தக்கது. ஆற்றலை அளந்தறிவது முதற்படி; காலத்தைத் தேர்ந்தறிவது அடுத்த படி. இவ்விரு படிகளும் ஆள்வோர்க்கும் வணிகர்க்கும் மட்டும் உரியன அல்ல. பணம் வெள்ளமெனப் புரளும் இக்கால விளையாட்டுத் துறைக்கும் பொருந்துவன. அமெரிக்கக் காற்பந்துக் குழுக்கள் ஆண்டுதோறும் எதிர்கொள்ளும் ஒரு வினா இதற்குச் சான்றாகும். வளர்ந்துவரும் இளம் ஆட்டக்காரர் ஒருவரின் ஒப்பந்தத்தை எப்போது நீட்டிப்பது என்பதே அவ்வினா.

அமெரிக்கர் காற்பந்து என்று அழைப்பது, மலேசிய, சிங்கப்பூர்த் திடல்களில் ஆடப்படும் காற்பந்திலிருந்து முற்றிலும் வேறுபட்டது. அங்கே பந்து முட்டை வடிவினது. பெரும்பாலும் கையாலேயே ஆளப்படுவது. பக்கத்திற்குப் பதினொருவர் நின்று, 100 கெஜ நீளமுள்ள களத்தில் மோதுவர். குழுவின் மூளையாக விளங்கும் பந்தெறிவாளர் பின்னே நின்று பந்தை வீச, களத்தின் ஓரமாகப் பாய்ந்தோடி, எதிரியின் காவலைக் கடந்து, அதனை எட்டிப் பற்றுபவரை 'வைட் ரிசீவர்' என்பர். தமிழில் பந்தேற்பாளர் எனலாம். விரைவு, கைத்திறம், துணிவு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தவரே இப்பணிக்குத் தக்கவர். பந்தைப் பற்றிய அக்கணமே எதிரணியினர் வந்து மோதுவர். ஆதலால் முழங்காலும் கணுக்காலும் என்றும் இடருக்குள்ளானவை.

இளம் ஆட்டக்காரர் விரும்பிய குழுவில் விரும்பிய சம்பளத்திற்குச் சேர்ந்துவிட முடியாது. 2011ஆம் ஆண்டில் குழு உரிமையாளர்களும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தம் அதற்கு முறை வகுத்தது. ஆண்டுதோறும் நடைபெறும் புதுமுகத் தேர்வில் எடுக்கப்படுபவர் நான்காண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவார். எத்தனையாவது ஆளாகத் தேர்வு பெற்றாரோ, அதனையொட்டி அவர் சம்பளமும் பெரும்பாலும் வரையறுக்கப்பட்டிருக்கும். முதற்சுற்றில் தேர்வானவரை ஐந்தாம் ஆண்டிலும் வைத்துக்கொள்ளும் உரிமை குழுவுக்கு உண்டு. மூன்று பருவங்கள் ஆடி முடியும்வரை அவ்வொப்பந்தத்தை நீட்டிக்க இயலாது. எனவே மூன்றாம் பருவத்தின் முடிவே கதவு திறக்கும் வேளை. அவ்வேளையில் உள்ளே அழைப்பதா, மேலும் ஓராண்டு வாயிலில் நிறுத்திவைப்பதா என்பதில்தான் குழுவின் அறிவு சோதிக்கப்படுகின்றது.

குழு தயங்குவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு குழுவும் தன் ஆட்டக்காரர் அனைவர்க்குமாக ஓராண்டில் செலவிடத்தக்க தொகைக்கு உச்சவரம்பு உண்டு. 2024இல் அவ்வரம்பு 255.4 மில்லியன் அமெரிக்க வெள்ளி, 2025இல் 279.2 மில்லியன். (பின்வரும் தொகைகளும் அமெரிக்க வெள்ளியே.) இத்தொகையைக் கொண்டே 53 பேர் அடங்கிய படையைக் காக்கவேண்டும். ஒருவருக்கு அள்ளிக் கொடுத்தால் மற்றவர்க்குக் கிள்ளித்தான் கொடுக்க முடியும். குறைந்த சம்பளத்தில் இன்னும் ஓராண்டு ஆடக் கடமைப்பட்டவருக்கு, இன்றே ஏன் பெருந்தொகை தரவேண்டும் என்று கணக்கர் கேட்பது இயல்பே.

அக்கேள்வியின் விலையை டென்னஸ்ஸி டைட்டன்ஸ் குழுவின் வரலாறு காட்டுகின்றது. 2019ஆம் ஆண்டுத் தேர்வில் 51ஆவது ஆளாக அக்குழு எடுத்த ஏ. ஜே. பிரவுன், முதலிரண்டு பருவங்களிலும் ஆயிரம் கெஜத்திற்கு மேல் ஈட்டினார். மூன்றாம் பருவத்தில் காயத்தால் சில ஆட்டங்களை இழந்தார். ஈட்டியது 869 கெஜம். கதவு திறக்கும் வேளை வந்தது. விலையில் உடன்பாடு ஏற்படவில்லை. 2022 ஏப்ரலில், புதுமுகத் தேர்வு நடந்த இரவிலேயே அவரைப் பிலடெல்பியா ஈகிள்ஸ் குழுவுக்குக் கொடுத்துவிட்டு, 18ஆவது, 101ஆவது தேர்வு உரிமைகளை டைட்டன்ஸ் பெற்றுக்கொண்டது. பிலடெல்பியாவோ நான்காண்டுக்கு 100 மில்லியன் வெள்ளி என்னும் ஒப்பந்தத்தை அவர் கையில் தந்தது.

அதே ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரு குழுக்களும் எதிரெதிரே நின்றன. கைவிட்டவர்களின் கண்முன்னே பிரவுன் 119 கெஜம் ஈட்டி, இருமுறை எல்லைக்கோட்டைக் கடந்தார். 35-10 என்னும் கணக்கில் பிலடெல்பியா வென்றது. இரண்டு நாள் கழித்து டைட்டன்ஸ் குழுவின் பொது மேலாளர் பதவி நீக்கப்பட்டார். அப்பருவத்தில் பிரவுன் ஈட்டியவை 1,496 கெஜம். 18ஆவது உரிமையைக்கொண்டு டைட்டன்ஸ் எடுத்த புதிய பந்தேற்பாளர் ஈட்டியவை 444 கெஜம். வயலை விற்று விதை வாங்கிய கதையாயிற்று. பிரிந்தபோது பிரவுனுக்கு வயது 24 என்பதையும் மறத்தலாகாது. அவருடைய சிறந்த ஆண்டுகள் அப்போதுதான் தொடங்கிக்கொண்டிருந்தன.

எனினும், ஒருவரை விடுவது எப்போதும் பிழையாகிவிடாது. அதே 2022 மார்ச்சில் கான்சஸ் சிட்டி சீப்ஸ் குழு, மின்னலென ஓடும் டைரீக் ஹில்லை மயாமிக்குக் கொடுத்து ஐந்து தேர்வு உரிமைகளைப் பெற்றது. பின்னர் 2023இலும் 2024இலும் தொடர்ந்து சூப்பர் பவுல் வெற்றியைத் தனதாக்கிக்கொண்டது. ஆயினும் இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் பொருந்தாது. ஹில் அப்போது 28 வயது நிரம்பியவர். ஓட்டத்தையே முதலாகக் கொண்டவர். மேலும் கான்சஸ் சிட்டியில் பந்தை வீசியவர் பேட்ரிக் மஹோம்ஸ். யார் பற்றினாலும் பந்தைக் கொண்டுசேர்க்கும் வல்லாளர் ஒருவர் இருக்கும் வீட்டிற்கும், அத்தகையவர் இல்லாத வீட்டிற்கும் நீதி ஒன்றாதல் எங்ஙனம்? நீட்டிப்பு என்பது கடந்த பருவங்களுக்கு வழங்கும் பரிசன்று. வரப்போகும் பருவங்களுக்குத் தரும் விலை. ஆகவே ஆட்டக்காரரின் வயதையும், அவர் நிற்கும் குழுவின் தேவையையும் ஒருசேர நோக்குதல் வேண்டும்.

உரிய காலத்தில் கொடுத்தும் பயன் கிட்டாமற் போவதுண்டு. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் குழு, மைக்கேல் தாமஸ் என்பவரின் மூன்று பருவ உழைப்பைக் கண்டறிந்து, 2019 ஜூலையில் ஐந்தாண்டுக்கு 100 மில்லியன் வெள்ளி வரை தரும் நீட்டிப்பை வழங்கியது. அவ்வாண்டே அவர் 149 முறை பந்தைப் பற்றினார். ஒரு பருவத்தில் அதுவரை எவரும் எட்டாத எண் அது. கொடுத்தவர் மகிழ்ந்தனர், பெற்றவர் நிமிர்ந்தார். அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே கணுக்கால் காயமுற்றது. அப்பருவத்தில் ஆடியவை ஏழு ஆட்டங்களே. 2021 முழுவதும் களமிறங்கவில்லை. 2022இல் மூன்று ஆட்டங்கள், 2023இல் பத்து. 2024 மார்ச்சில் குழு அவரை விடுவித்தது.

இதனைக் கண்டு, முன்னரே கொடுத்தது பிழை என்று கூறுவோர் உளர். ஆழ்ந்து நோக்கின் உண்மை வேறாகும். கொடுத்த காலத்தில் கையிலிருந்த சான்றுகளெல்லாம் அவர்க்குச் சார்பாகவே நின்றன. உழவர் காலமறிந்து விதைத்தும் பெருவெள்ளம் வந்து பயிரை அழிப்பதுண்டு. அதனால் விதைத்த நாள் தவறாகிவிடுமா? முடிவின் நன்மை தீமையை விளைச்சலைக்கொண்டு மட்டும் அளத்தல் அறிவுடைமை ஆகாது.

தாமஸின் கணுக்கால் மற்றோர் உண்மையையும் உணர்த்துகின்றது. நீட்டிப்பின்றி நான்காம் பருவத்தை ஆடும் இளைஞர் யாருடைய பணயத்தில் ஆடுகின்றார்? தம் உடலின் பணயத்தில். அவர் முழங்கால் முறிந்தால் குழுவுக்கு ஓர் ஆட்டக்காரர் குறைவார். அவருக்கோ வாழ்நாள் வருவாயே குறையும். 'இன்னும் ஓராண்டு பார்ப்போம்' என்று குழு சொல்வதன் பொருள், 'அந்த ஓராண்டின் இடரை நீயே சுமப்பாயாக' என்பதாகும். ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையைவிட, எது நேரினும் கிடைக்குமென உறுதியளிக்கப்பட்ட தொகையையே ஆட்டக்காரர்கள் முதலில் கேட்பதன் காரணம் இதுவே.

இனி, காலமறிந்து செய்த ஒன்றினைக் காண்போம். 2021ஆம் ஆண்டுத் தேர்வில் அமோன்-ரா செயின்ட் பிரவுன் என்னும் இளைஞரை டெட்ராய்ட் லயன்ஸ் குழு நான்காம் சுற்றில், 112ஆவது ஆளாக எடுத்தது. அவருக்கு முன்னே பந்தேற்பாளர் 16 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தனர். அப்பதினாறு பெயர்களையும் அவர் மனத்தில் எழுதிவைத்துக்கொண்டார். கேட்டவரிடமெல்லாம் வரிசை பிறழாமல் சொல்லிக்காட்டினார். பயிற்சி முடிந்து மற்றவர் கலைந்த பின்னரும், பந்தெறியும் இயந்திரத்தின் முன் நின்று 202 பந்துகளைப் பற்றிய பிறகே அவர் களத்தைவிட்டு நீங்குவார். நான்காண்டுக்குமாக அவருக்கு அமைந்த சம்பளம் 4 மில்லியன் வெள்ளிக்குச் சற்று மேல்.

முதற் பருவத்தில் குழு வென்றவை மூன்றே ஆட்டங்கள். அவர் ஈட்டியவை 912 கெஜம். அடுத்த பருவத்தில் 1,161; மூன்றாம் பருவத்தில் 1,515. அம்மூன்றாம் பருவத்தில் குழுவும் 12 ஆட்டங்களில் வென்று, சூப்பர் பவுலுக்கு ஒரு படி கீழே வரை ஏறிநின்றது. எண்களின் ஏற்றத்தை நாடே கண்டது. அந்த 202 பந்துகளையோ நாள்தோறும் அருகிருந்து கண்டவர் டெட்ராய்ட் பயிற்சியாளரும் நிர்வாகத்தாருமே. ஆற்றலை அண்மையிலிருந்து அறியும் வாய்ப்பு சொந்தக் குழுவுக்கே உரிய செல்வம். அச்செல்வத்தைப் பயன்படுத்தாமல், வெளியுலகம் விலை கூறும்வரை காத்திருப்பது பேதைமை அன்றோ?

டெட்ராய்ட் காத்திருக்கவில்லை. 2024 ஏப்ரல் 24ஆம் நாள், நான்காண்டுக்கு 120 மில்லியன் வெள்ளிக்கு மேல், அதில் 77 மில்லியன் உறுதித் தொகை என்னும் நீட்டிப்பை அறிவித்தது. ஆண்டுச் சராசரி 30 மில்லியன் எனக் கேட்டு வியந்தவர் பலர். மறுநாளே பிலடெல்பியா, ஏ. ஜே. பிரவுனுக்கு ஆண்டுக்கு 32 மில்லியன் என்று புதிய நீட்டிப்பு வழங்கியது. ஜூன் மாதம் மின்னசோட்டாவின் ஜஸ்டின் ஜெபர்சன் 35 மில்லியனைத் தொட்டார். சின்சினாட்டி பெங்கல்ஸ் குழுவோ, தன் ஜமார் சேஸுடன் 2024 பருவத்திற்கு முன் உடன்பாடு காணவில்லை. அப்பருவத்தில் சேஸ் 127 முறை பந்தைப் பற்றி, 1,708 கெஜம் ஈட்டி, 17 முறை எல்லைக்கோட்டைக் கடந்து, மூன்றிலும் முதலிடம் பெற்றார். 2025 மார்ச்சில் அவருக்கு எழுதப்பட்ட விலை, ஆண்டுச் சராசரி 40.25 மில்லியன். ஏறத்தாழ ஓராண்டுக்குள் ஒரே தொழிலின் உச்ச விலை 30இலிருந்து 40க்குத் தாவியது. 2024இன் வரம்பில் ஏறக்குறைய 12 விழுக்காடாகத் தோன்றிய செயின்ட் பிரவுனின் சராசரி, 2025இன் வரம்பில் 11 விழுக்காட்டுக்கும் கீழிறங்கியது. அன்று பெரிதாகத் தெரிந்த தொகையைக் காலமே சிறிதாக்கிவிட்டது.

செயின்ட் பிரவுனோ பணம் கைக்கு வந்தபின் தளர்ந்தாரல்லர். அடுத்த பருவத்தில் 115 முறை பந்தைப் பற்றி 1,263 கெஜம் ஈட்டினார்; குழு 15 ஆட்டங்களில் வென்றது.

இவற்றையெல்லாம் கூட்டி நோக்கும்போது ஒன்று தெளிவாகின்றது. மூன்று பருவங்கள் ஒருவரை நாள்தோறும் கண்டவர்க்கு நான்காம் பருவம் புதிதாகக் கற்பிப்பது சிறிது. விலையில் ஏற்றுவது பெரிது. பருவத்துக்குப் பருவம் வளர்ச்சி, வெற்று மைதானத்திலும் தளராத உழைப்பு, இளமை, குழுவின் ஆட்டமுறையில் இன்றியமையாமை ஆகிய இந்நான்கும் ஒருவரிடம் காணப்படின், மூன்றாம் அறுவடை முடிந்து நான்காம் உழவு தொடங்குமுன்னரே ஒப்பந்தத்தை நீட்டிப்பதுதான் முறை. இவற்றுள் ஒன்று ஐயத்திற்கு இடமாயின் பொறுத்திருக்கலாம். அல்லது நன்முறையில் விடைகொடுக்கலாம். அஞ்சி ஒத்திப்போடுதல் மட்டும் இவ்விரண்டிலும் சேராது.

ஆடுகளத்தில் மட்டுமா இந்நிலை? வகுப்பறையின் பின்வரிசையில் அமர்ந்து, பிறர் கண்ணுக்குப் படாமல் தன் 202 பந்துகளைப் பற்றிக்கொண்டிருக்கும் மாணவரும் உண்டு. தேர்வு முடிவு வெளிவந்து ஊரே பாராட்டும்போது பாராட்டுதல் யார்க்கும் இயலும். முடிவு வருமுன்னரே, உழைப்பை அருகிருந்து கண்ட ஆசிரியர் சொல்லும் ஒரு சொல்லுக்கு உள்ள மதிப்பு, பின்னர் வரும் பரிசுகளுக்கு வாய்ப்பதில்லை. அச்சொல் உரிய வேளையில் வந்ததனால் அன்றோ, அது மாணவர் மனத்தில் முதலாக நின்று வட்டியோடு வளர்கின்றது!